மறுகா

கல்முனை, நகைக்கடைக்கு மேல் மாடி.
இரவு பத்தரை.
சம்மாந்துறை நெல் ஆலையின் மென்பொருளுக்குப்
புதுப் பதிப்பு இறங்கியிருக்கிறது.
"சின்ன மாற்றம்தான்" என்கிறது கொழும்பு.
சின்ன மாற்றம் என்று சொன்ன நாள்களில்தான்
நான் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறேன்.

நானூற்றுப் பன்னிரண்டு சோதனைகள்.
நேற்று நடந்தது இன்றும் நடக்கிறதா?
அவ்வளவுதான் கேள்வி.
இல்லாத விவசாயி ஒருவரை வைத்திருக்கிறேன்,
ஊர் மாவடிப்பள்ளி, வயது நாற்பது.
மூன்று வருடமாக நாற்பது.
எண்பத்தாறு தரம் நெல் விற்றுவிட்டார்,
ஒரு சதமும் கையில் வாங்கவில்லை.
வெள்ளம் வந்தாலும் அவர் வயல் அழிவதில்லை.
ஈரம் எப்போதும் பதினாலு வீதம்.

ஓட்டும் விசையின்மேல்
வேலையை விட்டுப்போன ரமணிதரன் ஒட்டிய துண்டு:
மறுகா.
அவன் இப்போது கட்டாரில்.
பசை மட்டும் இன்னும் விடவில்லை.

பச்சை. பச்சை. பச்சை.
சாக்குக் கழிவு சரி.
கீரிச்சம்பா விலை சரி.
முற்பணக் கழிப்பு சரி.
இருநூற்றுப் பதினேழில் சிவப்பு.

தராசு சொல்வது அறுபத்தைந்து தசம் நாலு எட்டு.
பழைய கணக்கு கடைசி எட்டை வெட்டி எறியும்:
அறுபத்தைந்து தசம் நாலு.
புதியது பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை, முறையாகக் கிட்டவாக்கி
அறுபத்தைந்து தசம் ஐந்து என்கிறது.

புதியதுதான் சரி.
எனக்கும் தெரியும்.
பழைய வரிகளைத் திறந்தால்
ரமணிதரனின் கையால் ஒரே ஒரு குறிப்பு:
"தொடாதே."
ஏன் என்று இல்லை.

கணக்கப்பிள்ளை மீராலெவ்வை தூங்கவில்லை;
அறுவடைக் காலத்தில் யார் தூங்குவது.
பின்னால் லொறி உறுமுகிறது, யாரோ மூடை எண்ணுகிறார்கள்.
"ஓம் புள்ள, அது வெட்டத்தான் வேணும்.
வெட்டுற கிராமெல்லாம் சேர்ந்து
பொழுதுபட பதினேழு கிலோ மிஞ்சும்.
அது நாட்டாமைமார்ர பிளேன்டியும் ரொட்டியும்.
பதினொரு பேர்.
கணக்க நேராக்கினா
அவங்களுக்கு நான் என்னத்தக் குடுக்கிற?"

விவசாயிகளுக்குத் தெரியுமா?
கொஞ்சம் நேரம் லொறி மட்டும் பேசியது.
"தெரியும். ஆரும் எழுதுறல்ல."

என் மாமாவின் இருபத்தெட்டு மூடை
போன கிழமை அங்கேதான் போனது.
ஒரு கிலோ நானூறு கிராம், மனதிலேயே பெருக்கிவிட்டேன்.
அதை இறக்கியவனின் தோளில்
சாக்கு நூல் பதிந்த கோடும்
எனக்குத் தெரிந்ததுதான்,
பக்கத்துத் தெரு.

எந்த முதலாளியும் இதைச் சோதிக்கச் சொன்னதில்லை.
முதலாளியின் இலாபத்தில் ஏன் அந்தப் பிளேன்டி இல்லை
என்று கேட்க
நானூற்றுப் பன்னிரண்டில் ஒரு பெட்டியும் இல்லை.
இருக்கிற பெட்டி இரண்டு:
எதிர்பார்த்தது. கிடைத்தது.

மின்விசிறி நின்று, திரும்ப ஓடியது.
சிவப்பை நான் பச்சையாக்கவில்லை.
கொழும்புக்கு எழுதினேன்:
"உங்கள் திருத்தம் சரி. இந்த ஆலைக்குப் போடவேண்டாம்,
அவர்கள் பேசி முடிக்கும்வரை."
யார் யாரோடு பேசுவது என்று
கேட்டுத் திருப்பி எழுதுவார்கள்.
எழுதட்டும்.

"தொடாதே"க்குக் கீழே
குறிப்பு இடம் இருநூற்றைம்பது எழுத்து.
பதினேழு கிலோ, பதினொரு பேர், பிளேன்டி, ரொட்டி,
யாருடைய நெல் என்பதும்
என்று அடித்தேன்.
கடைசிச் சொல் பாதியில் வெட்டுப்பட்டது.
அந்த எழுத்தும் எங்கேயாவது சேர்கிறதோ என்னவோ.

மாவடிப்பள்ளிக்காரர் காத்திருக்கிறார்,
வயது நாற்பது,
எண்பத்தேழாவது தரம் விற்க.
இருநூற்றுப் பதினெட்டு.
மறுகா.