மேலுக்கு ஒன்று

விக்கிரமசிங்கபுரத்தில்
நூற்பு மில்லில் இருபத்தெட்டு வருசம்.
வல்லினம்தான் முதலில் போயிற்று எனக்கு.
தங்கபுஷ்பம் பயறு கேட்டாள்,
கயிறு வாங்கி வந்தேன்.
அதுவும் நல்ல கயிறு, பத்து முழம்.

ஸ்பீக்கர் பெட்டியின் முதுகில் நாலு திருகு.
மேல் ஜோடியையும் கீழ் ஜோடியையும் சேர்த்து
இரண்டு பித்தளைத் தகடு.
‘அதக் களத்தாம ரெண்டு ஆம்பையும் குடுத்தீருன்னா
ஒண்ண ஒண்ணு தின்னுரும் வே’
என்றார் மேலப்பாளையம் பீர்மைதீன்.
என்றார் என்றுதான் நினைக்கிறேன்,
சீட்டில் எழுதியும் தந்தார்.

பெரியது கீழுக்கு. நூறு வாட், அம்மிக் கனம்.
சின்னது மேலுக்கு, இருபது.
ஒரே பாட்டைப் பிரித்து இரண்டுக்கும் ஊட்டினால்
ம்ம்ம் என்று ஒரு முனகல் மட்டும்.
மெல்லினம்.
அது எனக்கு நன்றாகவே கேட்கும், சவம்.
இரண்டையும் ஒரே பலகையில் செருகியதும் அடங்கிற்று.

சித்திரைக் கொடையில் போனில் பிடித்த வில்லுப்பாட்டு.
சின்னதை அணைத்தேன்.
குடம் இருக்கிறது. அண்ணாவி பாடுகிறார்
ஆ, ஈ, ஓ.
தொட்டிலில் கிடப்பவனுக்குக் கேட்கிற தமிழ்.
இதைத்தான் ஆறு வருசமாகக்
கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

பெரியதை அணைத்துச் சின்னதைப் போட்டேன்.
ஒன்றுமில்லை. அறை காலி.
ஆனால் படியில் கிடந்த நாய்
எழுந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போயிற்று.

குமிழைத் திருப்பினேன்.
ஒன்பது மணி. பன்னிரண்டு.
இரண்டரை தாண்டியதும் தூரத்தில் எங்கோ
சில்லறை கொட்டியது.
இல்லை, வில்லில் சலங்கை.
வில்லில் சலங்கை கட்டுவார்கள் என்பதே
மறந்துபோயிருந்தது.

பிறகு பெரியதையும் போட்டேன்.
‘வெட்டுப்பட்டுக் கெடந்தானே’ என்றார் அண்ணாவி.
எத்தனை ட்!
ஆறு கொடையாக அவன் எனக்கு
எ உ அ உ என்றே கிடந்தான்.
இன்றைக்குத்தான் வெட்டுப்பட்டான்.
உயிர் கீழே, மெய் மேலே,
தனித்தனிக் கம்பியில் வந்து
சுவருக்கும் என் நாற்காலிக்கும் நடுவில்
ஒட்டிக்கொண்டன.

அடுத்த வீட்டு ஜன்னல் சாத்தியது.
அவர்களுக்குத் தகரம் கிழிகிற சத்தம்.

தங்கபுஷ்பம் காதைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள்.
என்னமோ சொன்னாள்.
சத்தத்தைப் பற்றித்தான் இருக்கும்.
அவளுக்குக் குமிழ் கிடையாது.
இரண்டு ஆம்பையும் அணைத்துவிட்டு
பக்கத்தில் போய்
இன்னொரு தடவை சொல்லு என்றேன்,
வாயைப் பார்த்தபடி.

உதடு மூடித் திறந்தது.
பயறுதான்.