பதினாலாம் நம்பர்

சர்குணன் பிளானை மேசையில் விரித்தார்.
சுருண்ட ஓரத்தில் ஊறுகாய் ஜாடியை வைத்தேன்.

பின்னால் இருபது அடி. மேலே இரண்டு அறை.
செம்பனை லோரிகள் போவதைப் பார்க்க ஒரு பால்கனி.
"கக் ஹஸ்னா சைன் போட்டுட்டாங்க. நீங்கதான் பாக்கி."

எங்கள் வீடு அதில் ஒரு வெள்ளைக் கட்டம்.
14 என்ற எண்ணைத் தவிர
உள்ளே ஒன்றுமே வரையவில்லை.

நாலு மணிக்கு
அடுப்படி ஜன்னலில் அரைமணி வெயில் நிற்கும்.
கையுறை ஆலையில் நைட் ஷிப்ட் முடித்து
பகலெல்லாம் தூங்கி எழுபவளுக்கு
அதுதான் விடியல்.

"யோசிச்சு சொல்றேன்."

தோட்டம் போய் தாமான் வந்த வருடம்
இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவராக எழுப்பினான் குத்தகைக்காரன்,
ஒற்றைச் செங்கல் கனம்.
பதினோரு வருடமாய் அவர்கள் சண்டை எனக்குத் தெரியும்:
இரண்டு பிள்ளைகள் இன்னும் ஹாலில் படுப்பது,
பேங்க் கடன் இரண்டு முறை திரும்பி வந்தது.

என்னுடையதும் அவர்களுக்குத் தெரியும்.
என் வீட்டில் தட்டுகள் உடைந்த அந்த நள்ளிரவில்
சர்குணன் கதவைத் தட்டி
"அக்கா, கொஞ்சம் சீனி இருக்கா?" என்றார்.
அவருக்கு இனிப்பு நீர்.
சீனி வாங்கிக்கொண்டும்
வெகுநேரம் வாசலிலேயே நின்றார்.

மகளின் பென்சிலை எடுத்து
வெள்ளைக் கட்டத்தில் ஒரு ஜன்னல் வரைந்தேன்.
அழித்து, கொஞ்சம் பெரிதாக வரைந்தேன்.
கையெழுத்துக்கான கோடு அப்படியே கிடக்கிறது.
ஜாடியை எடுத்ததும்
பிளான் தானாகச் சுருண்டுகொண்டது.