பன்னிரண்டு மில்லிமீட்டர்

தாலுகா ஆபீஸ் பழைய தாள்,
ஏலத்தில் எடுத்தது, கிலோ பதினோரு ரூபாய்.
கப்பலூர் ஷெட்டு வாசலில் எடை போட்டுவிட்டு
சிக்கந்தர் தாளை முகர்ந்து பார்த்தான்:
"ஈரம் இருக்கு. தண்ணிக்கும் சேர்த்துல்ல
காசு குடுத்திருக்காக."

பின் பிடுங்குவது எங்கள் வேலை,
எனக்கும் ஒச்சம்மாளுக்கும்.
ஒரு குண்டூசி தப்பினாலும்
அரைக்கிற பிளேடுக்குப் பல் உடையும்.
உடைந்த பல்
எங்கள் சம்பளத்தில் முளைக்கும்.

கை பிடுங்கும்போது கண் சும்மா இருக்காது.
பெறுநர். உயர்திரு. ஐயா.
பட்டா மாற்றம், உதவித்தொகை,
பக்கத்து வீட்டுக்காரன் வேலியை
ஒரு முழம் தள்ளி நட்டது.
ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து எழுதித் தருபவரின்
சாய்ந்த எழுத்து,
நூறு பேருடைய குறைக்கும் அதே சாய்வு.
எந்த மனுவும் கடைசியில்
ஒரே இடத்தில் வந்து குனிகிறது:
ஆவன செய்யுமாறு.

எங்கள் தெருக் குழாய்க்கு நாங்கள் கொடுத்தது மூன்று.
ஒன்றாவது இதில் வரும் என்று
இரண்டு வாரம் தேடினேன்.
ஒச்சம்மாளுக்கு வாசிக்கத் தெரியாது.
ரேகை வைத்த தாளாகப் பார்த்துப் பார்த்து நீட்டுவாள்,
"இதுவா? அப்ப இது?"
எத்தனை கட்டைவிரல்!

வரவில்லை. அரைத்தோம்.

தவிடுபோல் ஆன பிறகு
எது வேலி, எது குழாய் என்று தெரியாது.
பிசின் ஊற்றிப் பிசறி
சட்டத்தில் பரப்ப வேண்டும், கை சமமாக.
ஓரத்தில் கஞ்சம் பிடித்தால் மூலை உதிரும்.
நூற்று அறுபது டிகிரி, ஒன்பது நிமிடம்.
முழங்கை உயரத்துக்குப் பரப்பியது
பன்னிரண்டு மில்லிமீட்டராகி வெளியே வரும்.
அந்த நெடி
சோற்றில் கைவைக்கும்போதும் கூடவே வரும்.

அன்றைக்கு அருளப்பன் சாருக்கு போன்.
பேசிக்கொண்டே எட்டாவது நிமிடத்தில்
அழுத்தத்தை ஒரேயடியாக இறக்கிவிட்டார்.
படார்.
பலகையின் நடுவயிற்றில் கொப்புளம்.
அவர் போனை மூடிவிட்டு எங்களைத் திட்டினார்,
ஈரத்தை நாங்கள்தான் குடிக்க வைத்ததுபோல.

கொப்புளப் பலகையை எவன் வாங்குவான்?
எண்பது ரூபாய்க்கு நான் வாங்கினேன்.
பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்றான் கண்டக்டர்.
சிக்கந்தர் டிவிஎஸ்ஸில் பின்னால் நான்,
தலைக்கு மேல் பலகை.
பெயருக்கேற்றபடி கப்பலூரில்
அன்றைக்காவது ஒரு பாய்மரம்.
திருமங்கலம் வரை காற்று எங்களை
இடதுபக்கமாகவே தள்ளிக்கொண்டு வந்தது.

இரண்டு கீல், நாலு ஆணி.
பாத்ரூமுக்குக் கதவு.
ஐப்பசி வரைக்கும் அதை யாரும் குறை சொல்லவில்லை.

மூன்று நாள் விடாத மழை.
கீழ் ஓரம் ஊதி, ஏடு ஏடாகப் பிரிந்து
ஊறவைத்த அவல்போல் நின்றது.
நகத்தால் நெம்பினேன்.
பிளேடுக்குத் தப்பிய ஒரு துண்டு,
பாதி விரல் அகலம், நீல மை:
"...டிதண்ணீர் வச..."

ஒச்சம்மாள் குடையோடு எட்டிப் பார்த்தாள்.
"நம்மளதா?"
"இல்லக்கா. கையெழுத்து வேற."
"யாருதா இருந்தா என்னடி,
தண்ணி கேட்டவுகளுக்குத் தண்ணி வந்திருச்சுல்ல"
என்று சொல்லிச் சிரித்தாள்,
குடை ஆடுகிற அளவுக்கு.

கதவு இப்போது சாத்த வருவதில்லை.
காலால் ஓர் உதை கொடுக்க வேண்டும்,
கொப்புளத்துக்குச் சற்றுக் கீழே.