கீழிறங்கும் பட்டியல்

குவைத்துக்கும் மஸ்கட்டுக்கும் வெள்ளி, சனி விடுமுறை.
ஷார்ஜாவுக்கு ஞாயிறும் சேர்த்து.
வாரத்தில் நான்கு நாள்தான் எல்லோரும் ஒன்றாக விழித்திருக்கிறோம்,
அதில் ஒரு நாளைப் புழுதி தின்றுவிடும்.

மூன்று மருத்துவமனை, ஒரே நோய்:
பன்னிரண்டு வாரத்துக்கு மேல் அடைத்தே கிடக்கும் மூக்கு.
சட்டென்று யாரும் சாவதில்லை இதில்.
அதனால் நிதிக் குழு எங்களைக் கடைசியில்தான் கூப்பிடும்.

நான் வைத்தியம் பார்ப்பவள் இல்லை.
ஒருங்கிணைப்பாளர் என்கிறது கழுத்து அட்டை.
ஒப்புதல் படிவம் ஐந்து மொழியிலும் ஒன்றையே சொல்கிறதா,
மைனஸ் எண்பது ஃப்ரீசர் இரவில் அலறியதா,
உலர்பனிப் பெட்டி சுங்கத்தில் எத்தனை மணி நேரம் புகைந்தது,
டாக்டர் ஹெஸ்ஸா கையெழுத்திட மறந்த பக்கம் எது.
சளியைக்கூட நான் பார்த்ததில்லை.
எனக்கு அது பார்கோடு.

கே-முப்பத்தொன்று.
பெயர் பூட்டிய அலமாரியில், சாவி என்னிடம்.
இங்கேயும் எழுதப்போவதில்லை.
ஷுஐபாவில் சிலிண்டர் நிரப்பும் வேலை,
பரமக்குடிப் பக்கத்துப் பேச்சு.
இருபத்திரண்டு கேள்விக்கும் பூச்சியம் முதல் ஐந்துவரை எண் சொல்ல வேண்டும்.
தூக்கம் கெடுகிறதா? மூணு.
முகம் வலிக்கிறதா? நாலு.
வெட்கமாக இருக்கிறதா?
"இதுக்கும் நம்பர் போடணுமா மேடம்?"

செவிலி வராத நாள்.
வாசனைக் குச்சிகளை நானே நீட்டினேன், பன்னிரண்டு.
காப்பிக்கு "சூடு" என்றான்.
மீனுக்கு வெகுநேரம் யோசித்து "பேப்பர்".
புதினாவுக்கு மட்டும் கண் கலங்கியது;
அது வாசனை இல்லை, குளிர்ச்சி,
தனியாக மதிப்பெண் கிடையாது.
பெட்டியை மூடும்போது கேட்டான்:
"கேஸ் வாசனை இதுல இல்லையா?"

இல்லை.

பாதிநாள் சம்பளம் பிடிக்காமலிருக்க ஒரு சீட்டு கேட்டான்.
அச்சடித்த தாள் உண்டு எங்களிடம்:
வந்த நேரம், போன நேரம், முத்திரை.
வருகையின் நோக்கம் என்றொரு கட்டம்.
கட்டத்தைக் காலியாக விடுவது என் பழக்கமில்லை.
"நுகர்திறன் பரிசோதனை" என்று எழுதினேன்.
எனக்கு நல்ல கையெழுத்து.

இருபத்துநான்காம் வாரம் அவன் வரவில்லை.
மூன்று முறை அழைக்க வேண்டும், நெறிமுறை.
மூன்றாவதை அறைக்காரர் எடுத்தார்.
"ஊருக்கு அனுப்பிட்டாங்க.
மோப்பம் இல்லாதவன் கேஸுகிட்ட எதுக்குன்னு."
கொஞ்சம் நின்று,
"தப்புன்னும் சொல்ல முடியலைங்க. நாங்களும் அங்கதான நிக்கிறோம்."

கணினியில் விலகிய காரணம் கேட்டது.
அம்புக்குறியை அழுத்தினால் பட்டியல் கீழிறங்கும்:
தானாக விலகினார்.
தொடர்பு அறுந்தது.
பக்கவிளைவு.
மரணம்.
"மற்றவை" இல்லை.
அது சோம்பேறிகளின் கட்டம் என்று
புள்ளியியல்காரர் முதல் மாதமே நீக்கிவிட்டார்.

ஒரு வரி சேர்க்கத் திருத்த விண்ணப்பம், பதினான்கு பக்கம்.
மஸ்கட் கேட்டது: இது மருத்துவக் காரணமா?
ஷார்ஜா கேட்டது: ஒரே ஒருவருக்காகவா?
நான் இரண்டுக்கும் "ஆம்" என்று எழுதி,
பக்க எண்களைச் சரிபார்த்து அனுப்பினேன்.

ஏழு வாரம்.
ஒரு திங்கட்கிழமை ஐந்தாவது வரி வந்தது:
வேலை போனதால் நாடு திரும்பினார்.
மாலைக்குள் மஸ்கட்டில் நான்கு பேர்,
ஷார்ஜாவில் ஏழு பேர்,
"தொடர்பு அறுந்தது" என்பதிலிருந்து எழுந்து
இந்த வரிக்கு இடம் மாறினார்கள்.
ஒவ்வொரு மாற்றத்துக்கும் தடம் பதிவாகும்:
யார், எப்போது, ஏன்.
கே-முப்பத்தொன்றுக்கு நேரே என் பெயர்.
"ஏன்" கட்டத்தில் எண்பது எழுத்துக்குத்தான் இடம்.
பதினொன்று போதுமாயிருந்தது.

சீட்டின் கட்டத்தை இப்போதெல்லாம் காலியாக விடுகிறேன்.
அது சரிதானா என்று
எந்தக் குழுவுக்கு எழுதிக் கேட்பது தெரியவில்லை.
சால்மியாவில், எட்டாம் மாடியில்,
அடுப்பைப் பற்றவைக்குமுன்
குனிந்து ஒருமுறை மோந்து பார்க்கிறேன்,
அப்புறம் இன்னொரு முறை.