கடைசிச் சொடுக்கு

மரிபோரில் நவம்பர் வந்தால் சுவர் வியர்க்கும்.
திராவா ஆறு கரை உடைப்பதில்லை;
மூச்சாக மாறி
மூன்றாவது மாடிவரை ஏறி வந்துவிடும்.
அலமாரிக்குப் பின்னால் கரும்புள்ளிகள்.
அதைத்தான் பிழைப்பாக்கிக்கொண்டேன்:
ஈரம் உறிஞ்சும் எட்டு இயந்திரங்கள்,
ஒவ்வொன்றின் கீழும் ஒரு நீல வரி,
வரிக்குள் ஒளிந்திருக்கும் என் எண்.

யாரோ அதைத் தொடுகிறார்.
அவருடைய கணினியில் ஒரு குக்கீ விழுகிறது.
தின்ன முடியாது,
முப்பது நாள் ஆயுள் உள்ள சாட்சி அது.
முப்பத்தோராம் நாள் வாங்கினால்
அவர் யாரோ, நான் யாரோ.
அதற்குள் வாங்கினாலும்,
பணம் கட்டும் நொடியில்
தள்ளுபடிக் கூப்பன் ஒன்று குறுக்கே பாய்ந்து
‘நான்தான் கூட்டிவந்தேன்’ என்று கை தூக்கும்.
கடைசிச் சொடுக்குக்கே கமிஷன்.
அலைந்து திரிந்து பெண் பேசி முடித்தவள் நான்;
பந்தல் வாசலில் சந்தனம் நீட்டியவனுக்குத் தரகு.

கடைக்காரரை நான் கண்டதில்லை,
கடைக்காரர் என்னைக் கண்டதில்லை.
இருவரையும் கண்டதாக
நடுவில் நிற்கும் வலையமைப்பு சொல்கிறது.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
சரி.
படி அவர்கள் வீட்டில் அல்லவா இருக்கிறது?

திரையில் என் வருமானம் மஞ்சளாகக் காத்திருக்கும்.
பொருள் திரும்பிப் போனால் சிவப்பு,
காரணம் என்ற இடத்தில் ‘மற்றவை’.
பச்சை ஐம்பது யூரோ சேர்ந்தால்தான் கைக்கு வரும்.
நாற்பத்தேழிலேயே ஏழு வாரம் நின்றது.

ஒருநாள் படிக்கட்டில் போகோமிர்,
பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற ரயில்வே சிக்னல்காரர்,
“யெர்னேயா, உன் வரியைத் தொட்டுத்தான் வாங்கினேன்,
முதலில் போட்டிருந்தாயே, அதை” என்றார்.
ஓடிப்போய்த் திரையைத் திறந்தேன்.
பூஜ்யம்.
மறுநாளும், அதற்கடுத்த வாரமும்.

செல்யேயில், கிரானில், கோப்பரில்
தெரிந்தவர்கள் நால்வரை ஆளுக்கொரு வடிகட்டி வாங்கச் சொன்னேன்.
மூன்றுதான் பதிவானது.
எழுதிக் கேட்டேன்.
ஒன்பதாம் நாள் பதில்:
‘அன்புள்ள கூட்டாளியே,
இந்த வேறுபாடு இயல்பான வரம்புக்குள் உள்ளது.’
கூட்டாளிகள் குழு என்று கையெழுத்து.
வரம்பை வரைந்த விரல் யாருடையது என்று
எந்தக் குழுவும் சொல்லவில்லை.

திருடர்கள் என்று சொல்ல
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அன்றிரவு சுவருக்கு அப்பால்
போகோமிரின் இயந்திரம் உறுமத் தொடங்கியது.
நின்றது. மறுபடி உறுமியது.
பழைய லாரி மேடேறுவதுபோல.
‘பூனை நடக்கும் ஓசைகூட இல்லை’ என்று
அதைப் பற்றி எழுதியவள் நான்.
அதைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.
பன்னிரண்டு சதவீதம் தந்ததால் அது முதலிடம்.
என் படுக்கையறையில் சத்தமில்லாமல் ஓடுவது
நான்காவது. அது மூன்றுதான் தரும்.

நம்பலாமா என்று என்னைக் கேட்கிறார்கள்.
முதல் பணம் கைக்கு வரும்வரை
வாடகையை அதில் எழுதாதே என்கிறேன்.
முட்டையை ஒரே கூடையில் வைக்காதே,
நீயும் தனியாக ஒரு கணக்கு எழுதிவை என்கிறேன்.
என்னை நம்பலாமா என்று யாரும் கேட்பதில்லை.

பிப்ரவரியில் வந்தது, அறுபத்தோரு யூரோ நாற்பது.
வரிவரியாகத் தேடினேன்.
போகோமிர் வாங்கியது அதில் இல்லை.
அவர்கள் தவறவிட்டதில் முதல்முறையாக
எனக்கு ஒரு நிம்மதி.

நான்காவதை மேலே ஏற்றினேன்.
இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று
அடுத்த மாதம் கேளுங்கள்.

ஞாயிறன்று அவர் கதவைத் தட்டினேன்,
என் இயந்திரத்தைக் கையில் தூக்கிக்கொண்டு.
கண்கள் சிவந்திருந்தன; குறை சொல்லவில்லை.
“எவ்வளவு குடித்திருக்கிறது, பார்” என்று
தொட்டியை உருவிக் காட்டினார்.
பக்கவாட்டில் அளவுக்கோடுகள்.
மூன்றரை லிட்டர்.
குனிந்து, என் கண்ணாலேயே பார்த்தேன்.