கால் துடிக்குதா

மார்கழி. வவுனிக்குளம் வான் பாய்ந்து
மாங்குளம் வீதியில் இடுப்பளவு தண்ணீர்.
அம்புலன்ஸ் திரும்பி வந்துவிட்டது.
மல்லாவி ஆஸ்பத்திரியில் மிச்சம்
ஒரு பைந்து இரத்தமும் நானும்.

பிள்ளை பிறந்து, அழுது, உறங்கியும் விட்டது.
தாய்க்குத்தான் நிற்கவில்லை.
தர்சிகா, இருபத்தைந்து வயது.
கருப்பை சுருங்க மறந்து
நனைந்த சாக்காய்க் கிடக்கிறது.

உள் இடுப்பு நாடி
சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.
பெருநாடி இரண்டாகி, அதில் ஒன்று மறுபடி இரண்டாகி
வெளியே போவது காலுக்கு.
உள்ளே இறங்குவது
பிட்டத்துக்கு, மூத்திரப்பைக்கு, மலக்குடலுக்கு,
சுருண்டு சுருண்டு ஒரு கிளை கருப்பைக்கு.
பேராதனையில் மூன்று இரவு பாடமாக்கினேன்.
படத்தில் நாடி சிவப்பு, நாளம் நீலம், சிறுநீர்க்கான் மஞ்சள்.
வயிற்றுக்குள் எல்லாம் ஒரே நிறம்.

கானை முதலில் தேட வேண்டும்.
தொட்டால் மண்புழுவாய் நெளியும்.
நெளிந்தது. ஒதுக்கினேன்.
நாடிக்குக் கீழே நாளம், ஈரக் கடதாசி.
கிழிந்தால்
கட்ட வந்தவளே கொன்றவள்.
வளைந்த கவ்வியால் பட்டு நூலை இழுத்தெடுத்தேன்.
முடிச்சுப் போடவில்லை.
இரண்டு நாடியும் பார்வைக்கு ஒன்றுதான்.
மாறிக் கட்டினால் கால் செத்துவிடும்.

நூலை இறுக்கித் தூக்கிப் பிடித்தபடி
"சகாயமேரி, வலது கால்?"
பச்சைத் துணிக்குள் தலையை விட்டவள்
பாதத்தில் விரல் வைத்து
"துடிக்குது டொக்டர்."
கட்டினேன்.

"இடது கால்?"
தகரத்தில் மழை.
"இடது கால்?"
"முழங்காலுக்குக் கீழ இல்லை டொக்டர்.
பத்து வயசில போனது."
அட்டையில் இருந்தது. எழுதியதே நான்தான்.
"அப்ப கவட்டில பார்."
எவ்வளவு நேரமோ.
"இருக்கு."

இரண்டு வருடம் கழித்து
கிளினிக் வாங்கில் தர்சிகா. ஐந்து மாத வயிறு.
"கட்டின நூல் இன்னும் உள்ளுக்க இருக்கா?"
"இருக்கு."
"அப்ப இவருக்கு எப்பிடி இரத்தம் போகுது?"

நாரியிலிருந்து, திருவெலும்போரத்திலிருந்து,
பெயர் கேட்டால் மாணவர் முழிக்கும் சின்ன நாடிகள்
அவளையும் கேளாமல் என்னையும் கேளாமல்
எதிர்த்திசையில் ஓடப் பழகியிருக்கின்றன.
"துருசு பூட்டினாப்பிறகு களவாத் தண்ணி எடுக்கிற ஆக்கள் மாதிரி"
என்றான் புவிதரன்.
தானும் எடுப்பவன் போலச் சிரித்தான்.

பழக்கத்தில் குனிந்து அவள் வலது பாதத்தைத் தொட்டேன்.
சட்டையை உயர்த்தி மற்றதையும் நீட்டினாள்:
"இதையும் ஒருக்காப் பாருங்கோ."
பிளாஸ்டிக். பெருவிரலுக்கு நகம்கூடச் செதுக்கியிருந்தது.
இரண்டு விரல் வைத்தேன்.
துடித்தது.

அழுத்திப் பிடித்தால் எதிலும் துடிக்கும்,
அது என் விரலின் நாடி.
அவளுக்குச் சொல்லவில்லை.