மூன்றாவது பேய்

சிவப்புதான் கேட்டேன், கிடைத்தது இளஞ்சிவப்பு.
சிவப்பு மாகீனுக்குப் போய்விட்டது,
அவர் வீட்டிலிருந்தே போர்வை கொண்டுவந்ததால்.

படத்தின் பெயர் மஞ்சள் வாயன்.
சிரிப்புப் படம் என்றான் டைரக்டர் அஜின்.
யாரும் சிரிக்காததால் இன்னொரு தடவையும் சொன்னான்.
காசு போட்டு ஆடும் பழைய பெட்டிக்குள்
ஒருத்தன் தவறி விழுகிறான்,
குளச்சல் சந்தொன்றில் எழுந்திருக்கிறான்,
திறந்த வாய் மூடமாட்டேன் என்கிறது.
நாலு பேய்கள் அவனைத் துரத்தவேண்டும்.
பேய்க்கு முந்நூறு ரூபாய், மதியம் மீன்சோறு.

அண்டியாபீஸில் மாமியார் செத்துப்போனதாகச் சொல்லி
லீவு வாங்கியிருந்தேன்.
மாமிக்கு அது மூன்றாவது சாவு.
பெட்டி விளையாட்டிலும் அதற்குமேல் உயிர் தரமாட்டார்களாம்.

இரண்டடிக்கு ஒரு புள்ளி.
மரச்சீனிக்கிழங்கை வட்டவட்டமாக நறுக்கி
நானும் குளோரியும் விடியுமுன்னே அடுக்கினோம்.
செல்போன் கடை பென்சிகர்தான் ஹீரோ,
படத்துக்குப் பணம் போட்டவரும் அவரே.
மஞ்சள் தெர்மாகோல் உருண்டைக்குள்
அவரை இறக்கி, சுற்றிவரப் பசைநாடா ஒட்டி முடிப்பதற்குள்
சுபைதாவின் ஆடு முதல் சந்தை முடித்துவிட்டது.
மூலையில் திரும்பியது.
ஒரு புள்ளி விடவில்லை.
'கட்' என்று அஜின் கத்தினான்.
ஆடு கட் ஆகவில்லை.
மதில்மேல் பிள்ளைகள் ஸ்கோர் எண்ணினார்கள்,
நூற்றுப் பத்து, நூற்றிருபது,
'லேய், பென்சிகரண்ணனுக்கு இது வராதுலே!'
கடைசியில் ஆட்டையும் படத்தில் வைத்துக்கொண்டார்கள்.
அதற்கும் முந்நூறு. சுபைதா எண்ணி வாங்கினாள்.

பெரிய புள்ளி ஒரு பப்படம்.
அதை அவர் கடித்ததும் நாங்கள் நீலமாகவேண்டும்.
கம்ப்யூட்டரில் மாற்றக் காசில்லை.
ஓடிக்கொண்டே போர்வையை உள்வெளியாகத் திருப்பிப் போடணும்,
உள்பக்கம் நீல லைனிங், குளோரி தைத்தது.
மாகீன் சிக்கிக்கொண்டு மீன்கூடையில் விழுந்தார்.
கூடைக்காரி ஏசிய ஏச்சில் பாதியைப்
பிறகு சத்தமில்லாமல் ஆக்கினார்கள்.

'பயப்படு அக்கா, நல்லா பயப்படு' என்றான் அஜின்.
நாலு மணிக்கு எடை போடும்போது
என் தட்டில் உடைந்த பருப்பைத் தேடிக் கிளறும்
சூப்பர்வைசர் ஏசுவடியானின் விரலை நினைத்தேன்.
ஒரே டேக்.

தின்னப்பட்ட பேய்க்கு உடம்பு போய்விடும்.
கண் இரண்டும் மட்டும் வீடு திரும்பும்.
அதுதான் விதி என்று
பொட்டு ஒட்டிய இரண்டு பிளாஸ்டிக் பந்தைக்
கம்பியில் குத்திக் கையில் தந்தான்.
மதிலுக்குப் பின்னால் குனிந்து நடக்கணும்,
பந்து மட்டும் வெளியே தெரியணும்.
இதைப் போய் எனக்குச் சொல்லித்தருகிறானே.
கருங்கல் போகும் கடைசி பஸ்ஸில்
கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்,
அண்டிக்கறை பிடித்த விரல்களை மடியில் ஒளித்து
இருபது ஜோடி போகும்.

மார்த்தாண்டத்தில் ஒரே ஒரு காட்சி, காலை பத்தரைக்கு.
பேய்க்கு இரண்டு டிக்கெட் இலவசம்.
மாமி வந்தே தீருவேன் என்றாள்,
மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு.

ஆடு வந்தபோது தியேட்டர் எழுந்து நின்றது.
ஹீரோ மூன்றாம் முறை செத்தபோது
மாமி சிரித்த சிரிப்பில்
முன்வரிசைக்காரர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.
அவர்களில் ஒருத்தர் ஏசுவடியான்.
பென்சிகருக்கு மச்சான் முறையாம்,
யாரும் என்னிடம் சொல்லவில்லை.

இடைவேளையில் வந்தார்.
'இது ஆரு?'
நான் வாயைத் திறக்குமுன் மாமியே சொன்னாள்,
'இவளுக்க மாப்பிளைக்க அம்மை. நீங்க ஆரு?'

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.
மாலையும் பிரேயரும் நடந்த முகமா என்று
தேடினார்போல.
போன தடவை நூறு ரூபாய் பிரிவு போட்டுத் தந்தவர்.
'ஒண்ணுமில்ல, நல்லா சிரிக்கிய' என்றார்.
சாயா வாங்கப் போய்விட்டார்.

திரும்பும் பஸ்ஸில்
'ஆருட்டி அந்த மனுசன், பேயைக் கண்டதுபோல முழிச்சானே' என்றாள்.
நான் நீலமாகிக்கொண்டிருந்தேன்.
ஜன்னலோரம் உட்கார்ந்து
பொட்டலத்துக் கடலையை ஒவ்வொன்றாக
வாயை அகலத் திறந்து திறந்து
தின்றுகொண்டே வந்தாள்,
திங்கள்சந்தை தாண்டியும்.